அப்பா மாலை போட்ட டை

எங்கள் வீட்டு அலுமாரியில் என் சேலைகளுக்கு ஒரு தட்டு. என் வீட்டுக்காரரின் டைகளுக்கு இரண்டு தட்டு. போதாததற்குக் கதவின் உட்புறத்தில் இழுத்துக் கட்டிய ஒரு கயிறு. கலியாணமாகி வந்த புதிதில் இதற்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். "ஒரு கழுத்துக்கு எத்தனை டை வேணும்?" என்று கேட்டால், "ஒரு இடுப்புக்கு எத்தனை சேலை வேணும்?" என்று திருப்பிக் கேட்பார். எனக்கு வாய் நீளம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி வந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவர் கண்டி நகரத்தில் ஓர் ஏலக்கடையில் கிளாக்கராக இருந்தார். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் வேலை முடிந்து சீமைக்குக் கப்பலேறும்போது, பங்களாச் சாமான்களை ஏலத்தில் விற்றுவிட்டுப் போவது அந்நாளைய வழக்கம். தோட்டத்துக்குப் போய்ச் சாமான்களைப் பார்த்து, பிரித்து, வண்டியேற்றி, நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வீட்டுக்காரரின் வேலை. பியானோவை யாராவது ஒரு வக்கீல் புரக்டர் எடுப்பார். கட்டிலையும் கதிரைகளையும் நகரத்து முஸ்லிம் முதலாளிமார் எடுப்பார்கள். பீங்கான் கோப்பைகளுக்குச் சில நாட்களில் அடிதடியே நடக்கும். டைகளை மட்டும் யாரும் சீண்டமாட்டார்கள். கடைசியில் பெட்டியடியில் கிடக்கும் அந்தக் கழுத்துத் துணிகளை, "வேணும்னா கொண்டு போ" என்று அவருடைய முதலாளி கொடுத்துவிடுவார். பழம் நழுவிப் பாலில் விழும்.

நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்குச் சமீபமாக ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் டைகளை வெயிலில் காயப்போடும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "உந்த ரை எல்லாம் என்னத்துக்குக் காணும்? கடை போடப் போறீரோ?" என்பார்; டை அவர் வாயில் ரை. இவர் சிரிப்பார். பிறகு ஒரு டையை எடுத்து அதன் கதையை ஆரம்பிப்பார். அந்த மனிதர் தேநீர் குடிக்கத் தன் வீட்டுக்குத் திரும்ப நெடுநேரமாகும்.

ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. பச்சைக் கம்பளி நூலில் பின்னிய டை ஒன்று, தெல்தெனியப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத் துரையுடையது. நுனியில் நாய்க்குட்டி கடித்த பல்லடையாளம். அந்த நாய் வளர்ந்து, கிழமாகி, செத்த பிறகுதான் துரை ஊருக்குப் போக மனம் வைத்தாராம். இன்னொன்று சுத்தக் கறுப்பு. பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் யாராவது இறந்தால் மட்டும் கட்டுவதற்காக வைத்திருந்தது. மடிப்புக் கலையாமல் கிடந்தது. "அந்தப் பக்கத்துத் துரைமாருக்கு ஆயுசு கெட்டி" என்றேன் நான்.

கோடுகள் போட்ட டை ஒன்று இருந்தது. இவர் அதைக் கட்டிக்கொண்டு ஓர் ஏலத்துக்குப் போக, அங்கே வந்திருந்த ஒரு துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அது சீமையில் பெரிய பேர் எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தின் டையாம். அங்கே படித்தவர்கள் மட்டுமே கட்டவேண்டுமாம். "நீ அங்கே படித்தாயா?" என்று துரை எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். "இல்லைங்க துரை. நான் படிக்கலை. இந்த டைதான் அங்க படிச்சது. படிப்பு முடிஞ்சு என்கிட்ட வேலைக்கு வந்திருக்கு" என்றாராம் இவர், நல்ல இங்கிலீசில். துரை சிரித்துவிட்டார். இவருடைய முதலாளிதான் அன்று முழுதும் அந்தத் துரைக்குக் கதிரை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் டையின் கதை. அது கருஞ்சிவப்புப் பட்டில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதற்கு மாலை போட்டவர் என் அப்பா.

அப்பா பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலையில் தொப்பி. தோட்டத்தில் அவரைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். துரையைக் கண்டால் அவர் ஒதுங்கி நிற்பார். டை என்பது துரை கழுத்துக்கு மட்டும் உரியது. அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. சட்டம் இல்லாததால்தான் அதை யாரும் மீறவில்லை. அப்பாவுக்கு இன்னொரு பழக்கம். துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டார். அது மரியாதை இல்லை என்று நினைத்தார். நிலத்தைப் பார்த்துப் பேசினால் துரை, "என்ன மறைக்கிறாய்?" என்று கேட்பாராம். ஆகையால் இரண்டுக்கும் நடுவே, சரியாக டையைப் பார்த்துப் பேசுவார். எங்கள் துரை விசேஷ நாட்களில் அந்தக் கருஞ்சிவப்பு டையைத்தான் கட்டுவார். அப்பா தன் வாழ்நாளில் அதிகம் பேசியது அம்மாவோடு அல்ல, துரையின் டையோடுதான்.

துரை ஊருக்குப் போகும் நாள் வந்தது. சாமான்களை எடுக்கக் கண்டியிலிருந்து ஓர் இளைஞன் வந்து பங்களாவின் பின்னறையில் தங்கியிருந்தான். காலையில் பிரியாவிடை என்று பேச்சு. அப்பா முதல்நாளே ரோஜாவும் பன்னீர் இலையும் வைத்து மாலை கட்டச் சொல்லி, தட்டில் எலுமிச்சம்பழம் அடுக்கி, தப்பு மேளக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருந்தார். காலையில் நல்ல மூடுபனி. பங்களாப் படிக்குக் கீழே அப்பா மாலையோடு முன்னால். கணக்கப்பிள்ளை தட்டோடு பின்னால். அதற்குப் பின்னால் தப்பு. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே, எங்கள் கிளாக்கர் வீட்டு வாசலில், துணி காயப்போடுவதுபோல நான்.

பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் படியிறங்கி வந்தது. வெள்ளைக் காற்சட்டை, சப்பாத்து, கழுத்தில் கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி. அப்பா தொப்பியைக் கழற்றினார். வழக்கப்படி டையைப் பார்த்தபடியே இரண்டு அடி முன்னால் போய், மாலையைத் தூக்கிப் போட்டார். தப்பு அதிர்ந்தது. "குட் மார்னிங் சார், காட் பிளஸ் யூ சார்" என்றார் அப்பா. எங்கள் வாசல்வரை கேட்டது.

"வணக்கம் ஐயா" என்றது டை, நல்ல தமிழில். "தொரை விடியறதுக்கு முந்தியே காருல போயிட்டாங்க. கப்பலுக்கு நேரமாச்சுன்னாங்க."

தப்பு ஒவ்வொன்றாக நின்றது. அப்பா அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மழையில் வந்த பயணத்தில் அவனுடைய டை நனைந்து நாசமாகிவிட்டதாம். "எனக்கு வேண்டாததையெல்லாம் எடுத்துக்கொள்" என்று துரை விட்டுப் போனதில் ஒன்றை எடுத்துக் கட்டியிருக்கிறான். கணக்கப்பிள்ளை இருமுவதுபோலச் சிரித்தார். நான் ஈரத் துணியைக் கடித்துக்கொண்டேன்.

அந்த இளைஞன் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் மாலையைக் கழற்றினான். "இது ஐயாவுக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லி, அப்பாவின் கழுத்திலேயே போட்டுவிட்டான். அவன் மரியாதையாகத்தான் செய்தான். ஆட்கள் கை தட்டினார்கள். அப்பாவுக்கு அது கேலியாகப் பட்டது. அத்தனை வருஷம் உழைத்த மனிதரிடம் துரை ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அந்தக் கோபத்தைத் துரைமேல் காட்ட முடியுமா? டைமேல் காட்டினார். டை யார் கழுத்தில் இருந்ததோ அவன்மேல் காட்டினார். எனக்கோ, அந்த நிமிஷத்திலேயே அந்தக் கழுத்து பிடித்துப்போயிற்று.

அந்த இளைஞர்தான் என் வீட்டுக்காரர். சாமான் ஏற்றி முடிக்க அவருக்கு இன்னும் சில நாள் பிடித்தது. எங்கள் வீட்டுப் பக்கம் ஏதோ ஒரு சாக்கில் தண்ணீர் கேட்டு வந்தார். மலைநாட்டுக் குளிரில் ஒரு மனிதருக்கு அவ்வளவு தாகம் எடுக்குமா என்று அம்மா என்னைக் கேட்டாள். பிறகு மாதாகோயில் சுவாமியார் மூலமாகப் பெண் கேட்டு ஆளனுப்பினார். அப்பா முடியாது என்று எழுந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர். நான் சாப்பாட்டை ஒதுக்கவில்லை, பசி தாங்கமாட்டேன். பேச்சை ஒதுக்கினேன். நாள் முழுதும் வாயாடும் பெண் வாயைத் திறக்காவிட்டால் வீடு எப்படி இருக்கும்! அப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாதான் முடித்து வைத்தாள். "நீங்க அவருக்கு மாலை போட்டீங்க, அவர் உங்களுக்கு மாலை போட்டாரு. ஊரே பாக்க, தப்படிச்சு மாலை மாத்தியாச்சு. இனி சம்பந்தம் இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். சுவாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "சரி, பொண்ணைக் கொடுக்கிறேன்" என்றார். "ரெண்டு விஷயம். ஊரான் கழுத்துல கிடந்த துணி எதுவும் எம்மக கல்யாணத்துக்கு ஆகாது. அப்புறம், அந்த ஆளை மாப்பிள்ளைன்னு என் வாயால கூப்பிட மாட்டேன். யாரும் என்னை அதுக்கு வற்புறுத்தக் கூடாது."

முதலாவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு சொல்தானே என்று சொல்வது சுலபம். அப்பா வீட்டு வாசலில் என் புருஷன் ஏறும்போது "வாங்க மாப்பிள்ளை" என்று அப்பா சொல்லாவிட்டால், நான் பிறந்த வீடு எனக்குப் பாதிதான்.

பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுப்பது வழக்கம். கண்டியில் தையல்கடை முஸ்லிம் நானாவிடம் அப்பா கோட்டுக்கும் காற்சட்டைக்கும் சொல்லிவிட்டு வந்தார். டை என்ற சொல்லைக்கூட அவர் உச்சரிக்கவில்லை. டை இல்லாமல் கோட்டுப் போட்டுக் கோயில் படியேறினால், தாலி இல்லாமல் பெண் நிற்பதுபோல இருக்கும் என்று நினைத்தேன். நானே தைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் கலியாணச் சட்டைக்கு எடுத்த பால்வெள்ளைப் பட்டில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. சட்டை தைக்கத் தெரிந்தவளுக்கு, நீளமாக ஒரு பட்டி தைப்பது என்ன பெரிய வித்தை? நேராக வெட்டினேன். நூல் பிசகாமல், ஒரு விரல் துணிகூட வீணாகாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து நேராக வெட்டினேன். எங்கள் வீட்டில் துணி வெட்டக் கற்றுக்கொண்ட எவளும் அப்படித்தான் வெட்டுவாள்.

மாதாகோயில் பீடத்துக்கு முன்னால் அந்த டை முறுக்கிக்கொண்டது. முதலில் மெல்லத் திரும்பியது. சுவாமியார் மோதிரத்தை மந்திரிக்கும்போது முழுதாகப் புரண்டு, தையல் வெளியே தெரிய, கொடிக்கயிறு மாதிரிச் சுருண்டு நின்றது. அவர் கையால் திருப்பிவிடுவார். அது மறுபடி புரளும். அவருடைய பெட்டிக்குள் நேராகத் தொங்கக்கூடிய டைகள் அப்போதே நாலைந்து இருந்தன. விருந்துக்கு முன்னால் ஒருவர், "ஓய், உள்ள போய் வேற ஒண்ணு மாத்திக்கிட்டு வாரும்" என்றார். "இதுதான் எனக்கு அளவெடுத்துத் தைச்ச முதல் டை" என்று சொல்லி, இருட்டும்வரை கழற்றாமல் இருந்தார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்பாவும் அதைக் கேட்டார். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு பந்தல் பக்கம் போனார்.

பிறகு வந்த வருஷங்களில் அப்பா தன் சொல்லைக் காப்பாற்றினார். அரிச்சந்திரன் தோற்றான். எங்கள் வீட்டுக்கு வந்தால், "ஏலக்காரர் இருக்காரா?" என்பார். நேருக்கு நேர் பேச நேர்ந்தால், "இந்தாங்க", "பாருங்க" என்று ஆரம்பித்து எந்த உறவுமுறையும் சொல்லாமல் முடிப்பார். இவர் "மாமா, மாமா" என்று உருகுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்களும் அவரை கிளாக்கர் ஐயான்னே கூப்பிடுங்களேன்" என்று ஒருநாள் வெடித்தேன். "அவர் கோபம் என்மேல இல்லை. நான் கட்டியிருந்த துணிமேல. அதுக்கு நான் ஏன் கோவிக்கணும்?" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு சண்டை பிடிப்பது, பஞ்சுத் தலையணையைக் குத்துவதுபோலத்தான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தது. துரைமார் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ஏலக்கடையில் கால் வைக்க இடமில்லை, எங்கள் அலுமாரியிலும்தான். அந்தக் காலத்தில் ஒருநாள், வயதான துரைசானி ஒருத்தி ஏலக்கடைக்கு வந்து ஒரு டையைத் தேடினாளாம். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத தன் மகனுடையதாம்; வேலைக்காரன் தெரியாமல் மற்றச் சாமான்களோடு கட்டி அனுப்பிவிட்டானாம். அதன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், இவர் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இவர் அங்கேயே அவிழ்த்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அன்று முழுதும் வெறுங்கழுத்தோடு வேலை பார்த்ததற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ரெண்டு கையாலயா குடுத்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

டை ஏன் முறுக்கியது என்பதும் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. கிழிந்த டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். துணி மூலைவாட்டில், நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டியிருந்தது. இரண்டு பக்கமும் எவ்வளவு பட்டு வீணாகியிருக்கும்! வெள்ளைக்காரன் இப்படித் துணியை வீணடித்தால்தான் அது நேராகத் தொங்குமாம். "கல்யாண டையைத் தாங்க, பிரிச்சுச் சரியா தைச்சுத் தாறேன்" என்றேன். அவர் அதைத் தூக்கி எனக்கு எட்டாத உயரத்தில், மேல்தட்டில் வைத்துவிட்டார்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குண்டசாலையில் சின்னதாக ஒரு வளவு வாங்கி வீடு கட்டியிருந்தார். தோட்டத்து ஆட்கள், "கிளாக்கர் ஐயா படம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கணும்" என்று கேட்டார்களாம். கண்டியில் படம் பிடிக்க ஏற்பாடு. அன்று காலை அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. காற்சட்டை, கழுத்துத் திறந்த புதுக் கோட்டு, கோட்டுக்குள் கொலர் வைத்த சட்டை, கொலருக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஏலக்காரர் இருக்காரா?" என்றார்.

இவர் வந்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். கோட்டைத் தடவினார். கதிரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இவருக்குப் புரிந்துவிட்டது. நான் என்றால் அந்த இடத்தில் ஒரு சொல்லாவது சொல்லியிருப்பேன்; ஊரான் கழுத்துத் துணி இன்றைக்கு இனிக்கிறதோ என்று கேட்டிருப்பேன். இவர் அப்பாவை உள்ளே அழைத்துப் போய் அலுமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். நான் தண்ணீர்க் கோப்பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிற்றின் ஓரத்தில் கருஞ்சிவப்பு டை தொங்கியது. அதைக் கண்டதும் அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போயிற்று. தொப்பி கழற்றத்தான். பாதியில் நிறுத்திவிட்டு, அந்தக் கையாலேயே டையைப் பிடித்தார். நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானே?"

"ஆமா மாமா."

"கிட்டத்துல பாத்தா சாயம்கூட மங்கிப்போச்சு. சின்னத் துணி" என்றார் அப்பா. விரலால் அதன் புள்ளிகளைத் தடவினார். "அன்னைக்கு அந்த மனுஷன் சொல்லிக்கிட்டுப் போயிருக்கலாம்." பிறகு விட்டுவிட்டார். "இதுக்கு ஒருதரம் மாலை போட்டது போதும். அவ தைச்சது எங்க இருக்கு?"

"மாமா, அது முறுக்கிக்கும்."

"முறுக்கட்டும். தைச்சவ மட்டும் முறுக்காதவளா?"

இவர் மேல்தட்டிலிருந்து அதை எடுத்தார். அப்பா அதை வாங்கிக் கழுத்தில் போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார். முப்பது வருஷம் டையைப் பார்த்தே பேசியவருக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு நுனியையும் விட்டுவிட்டு, தாடையை மேலே தூக்கிக்கொண்டார்.

"நமக்கு வராது. நீங்களே கட்டிவிடுங்க மாப்பிள்ளை."

சொன்னது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. இவருடைய விரல் ஒரு நொடி நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல முடிச்சைப் போட்டார். "இறுக்கமா இருக்கா மாமா?" "இல்ல, சரியா இருக்கு." நான் கோப்பையை வைக்க இடம் தேடித் தரையிலேயே வைத்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்டி அழுவுற?" என்றாள். "புகை" என்றேன். அடுப்பு அன்று இன்னும் மூட்டவே இல்லை. எத்தனையோ வருஷமாக என் நெஞ்சில் கிடந்த முள் அந்த ஒரு சொல்லில் கழன்று விழுந்தது. அதை யாரிடம் போய் விளக்குவது?

புறப்படும்போது அப்பா திரும்பி, "நீங்க அந்தச் சிவப்பைக் கட்டிக்கிட்டு வாங்க. படத்துல எனக்குப் பின்னால நில்லுங்க" என்றார்.

படக்கடைக்காரர் அப்பாவின் டையைச் சரிப்படுத்தக் கை நீட்டினார். "தொடாதீங்க. எம்மக தைச்சது, அப்படித்தான் நிக்கும்" என்றார் அப்பா.

அந்தப் படம் இப்போது என் எதிரே சுவரில் இருக்கிறது. அதில் நிறம் கிடையாது. கருஞ்சிவப்பும் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. அந்த டையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் பின்னால் நிற்கிறார். அப்பா கழுத்தில் முறுக்கிய டையோடு, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, நிமிர்ந்து நேராகப் பார்க்கிறார்.